பி.எஃப். க்ளெய்ம் திரும்பி வருகிறதா? வேலை போனவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வேலை போனால் மாதாமாதம் படியளக்கும் ஏற்பாடு இந்தியாவில் பெரும்பாலான தனியார் ஊழியர்களுக்குக் கிடையாது. இருப்பவை இரண்டு வாசல்கள். ஒன்று, நம் சம்பளத்திலிருந்தே பிடித்து வைத்த பி.எஃப். பணம். இன்னொன்று, ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருந்தவர்களுக்கு 90 நாள் வரை கிடைக்கும் வேலையிழப்பு நிவாரணம். க்ளெய்ம், அதாவது பணம் கேட்டு விண்ணப்பம், போடுவது பத்து நிமிட வேலை. அது திரும்பி வந்தால் சரிசெய்யத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.

ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். ஊரார் க்ளெய்மை எல்லாம் முடித்துக் கொடுத்தேன். ஆள்குறைப்பில் என் முறை வந்தபோது என் க்ளெய்மே திரும்பி வந்தது. ஒரு இனிஷியல்தான் காரணம். அந்தக் கதை கீழே இருக்கிறது.

க்ளெய்ம் திரும்புகிறது என்றால், உங்களைப் பற்றிய இரண்டு பதிவுகள் எங்கோ முட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம். ஆதார், பான், வங்கிக் கணக்கு, பி.எஃப். கணக்கு, கம்பெனி ஏற்றிய தேதிகள் என்ற ஐந்தில் எந்த இரண்டு ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். நிராகரித்ததற்கான காரணத்தைப் படிக்காமலே மறுபடி மறுபடி போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதிலும் மறுபடி மறுபடி அதேதான் வரும்.

அறிகுறி: ஓடிபி வரவே மாட்டேன் என்கிறது

பி.எஃப். தளத்தின் உள்ளே நுழையவே முடியவில்லை என்றால் முதலில் எந்த ஓடிபி என்று பாருங்கள். யூ.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணோடு பதிந்த மொபைல் எண்ணுக்கு வருவது ஒன்று, ஆதாரில் பதிந்த எண்ணுக்கு வருவது இன்னொன்று. க்ளெய்மை முடிக்கும்போது கேட்பது ஆதார் ஓடிபி. கம்பெனி கொடுத்த சிம்மை வேலை போன அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணைத்தான் ஆதாரிலும் போட்டிருந்தோம் என்று அப்புறம் நினைவுக்கு வருபவர்கள் உண்டு. ஆதாரில் எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்துக்குப் போகலாம். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றிக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. எண் மாறிய பிறகு யூ.ஏ.என். பக்கத்து எண்ணையும் மாற்றிவிடுங்கள். வேலையில் இருக்கும்போதே இந்த இரண்டையும் சொந்த எண்ணுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

அறிகுறி: முழுப் பணம் எடுக்கும் படிவம் பட்டியலிலேயே இல்லை

க்ளெய்ம் பக்கத்தில் உங்களுக்குத் தகுதி உள்ள படிவங்கள் மட்டும்தான் தெரியும். படிவம் 19 என்பது பி.எஃப். கணக்கை முடித்துப் பணம் வாங்க. 10சி என்பது ஓய்வூதியப் பங்குக்கு. 31 என்பது கணக்கை மூடாமல் முன்பணமாக எடுக்க. 31 மட்டும் தெரிகிறது, 19 இல்லை என்றால் பத்துக்கு ஒன்பது தடவை வெளியேறிய தேதி ஏறியிருக்காது. கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் அதே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சேவை வரலாறு பக்கத்தைத் திறந்து பாருங்கள். சேர்ந்த தேதி இருக்கும், வெளியேறிய தேதி காலியாக இருக்கும். மேஜையின் அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: அதில் வஞ்சகம் எதுவும் இருக்க வேண்டும் என்றில்லை. மாதக் கணக்கை ஏற்றும்போதுதான் போனவர்களின் தேதியையும் போடுவோம். கடைசி செட்டில்மென்ட் இழுத்தால் தேதியும் இழுக்கும். ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். யூ.ஏ.என்., கடைசி வேலை நாள், போன காரணம் மூன்றையும் அதில் எழுதுங்கள். போனில் பேசினால் தடயம் இருக்காது.

அவர்கள் அசையவில்லை என்றால் நீங்களே போடலாம். 2020 ஜனவரியிலிருந்து இந்த வசதி இருக்கிறது. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். ‘மேனேஜ்’ பகுதியில் ‘மார்க் எக்ஸிட்’ என்று இருக்கும். கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் போட்டு, ஆதார் ஓடிபி கொடுத்தால் முடிந்தது.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. கடைசியாகப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் போட வேண்டும். பி.எஃப். பாஸ்புக்கில் கடைசிப் பங்களிப்பு மார்ச் மாதச் சம்பளத்துக்கு என்றால், ரிலீவிங் லெட்டரை வைத்துக்கொண்டு ஏப்ரல் 4 என்று அடம்பிடிக்காதீர்கள். அதே சமயம் அடுத்த கம்பெனியில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அந்தச் சேர்ந்த தேதிக்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். இரண்டு வேலையும் ஒரு நாளாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் பின்னால் கணக்கு மாற்றும்போது இடிக்கும். ஒருமுறை பதிந்துவிட்டால் அதே பக்கத்தில் திரும்பித் திருத்த முடியாது. அதனால் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் பாஸ்புக்கைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பெயர் பொருந்தவில்லை

தமிழ்நாட்டில் திரும்பி வரும் க்ளெய்ம்களின் ராஜா இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவங்களோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கின்றன. ஒவ்வொரு அலுவலகத்திலும் உட்கார்ந்திருந்தவர் அவரவருக்குத் தோன்றியபடி நம்மைப் பிரித்துப் போட்டிருப்பார்.

முருகன் என்று ஒருவர். அப்பா பெயர் சண்முகம். பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன். ஆதாரில் முருகன் எஸ். பான் அட்டையில் கடைசிப் பெயராக வெறும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் அங்கே முருகன் சண்முகம். வங்கியில் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே இடமே விடாமல் எஸ்முருகன். கம்பெனியில் சேர்ந்த அன்று ஹெச்.ஆர். தட்டச்சு செய்ததில் சண்முகம் முருகன். நம் கண்ணுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே முருகன். கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர்.

என் கதையும் இதுதான். ஆதாரில் அப்பா பெயர் விரிந்திருந்தது, பி.எஃப். கணக்கில் சுருங்கியிருந்தது. அத்தனை வருடம் பிறர் பெயரையெல்லாம் சரிபார்த்தவன் என் பெயரைப் பார்க்கவில்லை.

சரிசெய்யும் வரிசை முக்கியம். ஆதாரை மையமாக வையுங்கள். ஆதாரில் இருக்கும் பெயர் உங்களுக்குச் சரி என்றால் மற்றவை எல்லாம் அதன் பக்கம் வரட்டும். ஆதாரே தப்பு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். பி.எஃப். பக்கத்தை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் ஆதாரை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பி.எஃப். பக்கத் திருத்தத்துக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று பெயர். 2025 ஜனவரியில் இதை எளிமையாக்கினார்கள். உங்கள் யூ.ஏ.என். 2017 அக்டோபர் 1-க்குப் பின் உருவாகி, ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருந்தால், பெயர், பிறந்த தேதி, பாலினம், பெற்றோர் பெயர், திருமண நிலை, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி போன்றவற்றை ஆவணம் எதுவும் ஏற்றாமல் நீங்களே திருத்தலாம். அதற்கு முன் உருவான யூ.ஏ.என். என்றால் விண்ணப்பம் பழைய கம்பெனி வழியாகப் போகும். கம்பெனியே மூடிவிட்டது என்றால் தாளில்தான் போக வேண்டும். ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தில் கெசட்டட் அதிகாரி, நோட்டரி, போஸ்ட்மாஸ்டர் போன்ற ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கி, அந்தக் கம்பெனி எந்த வட்டார அலுவலகத்தின் கீழ் இருந்ததோ அங்கே கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

திருத்தம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு க்ளெய்ம் போடுங்கள். ‘போட்டு வைப்போம், அதற்குள் மாறிவிடும்’ என்ற கணக்கு எப்போதும் தோற்கும்.

அறிகுறி: வங்கிக் கணக்கு தவறு என்கிறது, அல்லது ‘செட்டில்ட்’ என்று காட்டியும் பணம் வரவில்லை

பழைய கூட்டாளி ஒருவர் கூப்பிட்டார். “அண்ணே, செட்டில்டுன்னு போட்டு பதினைந்து நாள் ஆச்சு. பேங்க்ல கேட்டா ஒண்ணும் வரலைங்கிறாங்க.”

“எந்த பேங்க் தம்பி?”

“அலகாபாத் பேங்க்ணே.”

அதிலேயே விடை இருந்தது. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. அதே நாளில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அந்த வருடம் நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ்ஸோடு போனது. கிளை அதே தெருவில் இருந்தாலும் ஐஎஃப்எஸ்சி என்ற கிளைக் குறியீடு மாறிவிட்டது. நாம் வங்கிப் பாஸ்புக்கைப் புதிதாக வாங்கிக்கொண்டோம். பி.எஃப். கணக்கில் பழைய குறியீடு அப்படியே தூங்குகிறது.

பி.எஃப். தளத்தில் அடையாள விவரங்களை ஏற்றும் கேஒய்சி பக்கத்தில் புதிய ஐஎஃப்எஸ்சியோடு கணக்கை மறுபடி ஏற்றுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், பெயரும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வங்கி விவரத்துக்குக் கம்பெனியின் ஒப்புதல் தேவையில்லை. ஆன்லைன் க்ளெய்முக்குக் காசோலைத் தாளைப் படம் பிடித்து ஏற்ற வேண்டியதும் இல்லை. ‘காசோலைப் படம் தெளிவாக இல்லை’ என்று திரும்பி வந்தவை ஒரு காலத்தில் மலை மலையாகக் குவிந்தன. அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஏற்கெனவே அனுப்பிய பணம் வங்கியில் மோதித் திரும்பியிருந்தால் புதிய க்ளெய்ம் போட வேண்டியதில்லை. கணக்கு விவரத்தைத் திருத்திவிட்டு, திரும்பிய தொகையை மறுபடி அனுப்பச் சொல்லி வட்டார அலுவலகத்துக்குக் கோரிக்கை வையுங்கள். தம்பிக்கு அப்படித்தான் வந்தது.

அறிகுறி: பணம் வந்தது, ஆனால் பாஸ்புக்கில் இருந்ததைவிடக் குறைவு

இதில் மூன்று காரணங்கள் கலந்து கிடக்கும். பிரித்துப் பாருங்கள்.

முதலாவது ஓய்வூதியம். கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், ரூ.15,000 சம்பளம் வரைக்குமான கணக்கில், ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. அதாவது மாதம் அதிகபட்சம் ரூ.1,250. மீதிதான் பி.எஃப். கணக்கில் சேரும். பாஸ்புக்கின் கடைசிப் பத்தியில் தெரிவது இந்த ஓய்வூதியப் பங்கு. அது படிவம் 19-ல் வராது, 10சி-யில்தான் வரும். வரும்போதும் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகையாக வராது. எத்தனை வருடச் சேவை, என்ன சம்பளம் என்பதை வைத்து ஒரு அட்டவணைப்படி கணக்கிடுவார்கள். அதற்கு வட்டியும் ஏறாது. 10 வருடச் சேவை ஆகிவிட்டால் எடுக்கவே முடியாது. சான்றிதழாக வாங்கி வைத்து, பின்னால் ஓய்வூதியமாகத்தான் வாங்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: அடுத்த வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் 10சி-யைத் தொடாதீர்கள். ஏழு வருடச் சேவையை ஒரு சின்னத் தொகைக்குக் கொடுத்துவிட்டால் அந்த 10 வருடக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும்.

இரண்டாவது வரி. மொத்தச் சேவை 5 வருடத்துக்குக் குறைவு, தொகை ரூ.50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் இணைக்காவிட்டால் 20 சதவீதம். பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இங்கே உண்டு. ஒன்று, பழைய கம்பெனியின் கணக்கை இந்தக் கணக்கோடு மாற்றிச் சேர்த்திருந்தால் அந்த வருடங்களும் 5-ல் சேரும். மூன்று வருடம் அங்கே, இரண்டரை வருடம் இங்கே என்றால், முதலில் மாற்றுங்கள், அப்புறம் எடுங்கள். இன்னொன்று, உடல்நலக் குறைவாலோ, கம்பெனி தொழிலைச் சுருக்கியதாலோ மூடியதாலோ, உங்கள் கையில் இல்லாத வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் 5 வருடம் ஆகாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஆள்குறைப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். வரி பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம். ‘சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனி நைச்சியமாகக் கேட்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. நிவாரணத்துக்கும் அந்த ஒரு வரி குறுக்கே நிற்கலாம்.

மூன்றாவது, எவ்வளவு எடுக்கலாம் என்ற விதியே. வேலை போய் ஒரு மாதத்தில் 75 சதவீதம், இரண்டு மாதத்தில் மீதி என்பது பலருக்கும் பழகிய கணக்கு. 2025 அக்டோபர் 13 அன்று கூடிய பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது: 75 சதவீதம் உடனே, மீதி 25 சதவீதம் 12 மாதம் வேலையில்லாமல் இருந்த பிறகு, ஓய்வூதியப் பங்கு 36 மாதத்துக்குப் பிறகு. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு இரண்டாவது மாதமே முழுத் தொகையையும் எதிர்பார்த்து வீட்டுக் கடனுக்குத் தேதி சொல்லாதீர்கள். க்ளெய்ம் பக்கத்தில் எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் அன்றைய கணக்கு.

அறிகுறி: பாஸ்புக்கில் சில மாதங்களே காணோம்

சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் இல்லை என்றால் கம்பெனி பிடித்ததைக் கட்டவில்லை. அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, சம்பளம் வந்த வங்கிப் பட்டியல் இரண்டையும் வைத்துப் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். விசாரித்து வசூலிக்க அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. க்ளெய்மை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம், புகார் மெதுவாகத்தான் நகரும்.

பாஸ்புக்கே திறக்கவில்லை, விலக்கு பெற்ற நிறுவனம் என்று காட்டுகிறது என்றால் பதற வேண்டாம். சில பெரிய கம்பெனிகள் சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் நடத்துகின்றன. பணம் அங்கே இருக்கிறது, விண்ணப்பமும் அங்கேதான்.

அறிகுறி: ஈ.எஸ்.ஐ. நிவாரணம் மறுக்கப்பட்டது

அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். வாயில் நுழையவில்லை என்றால் கிளை அலுவலகத்தில் ‘வேலையிழப்பு நிவாரணம்’ என்று கேட்டாலே புரியும். 2018 ஜூலை 1-ல் தொடங்கியது. சராசரி தினக்கூலியில் 25 சதவீதமாக இருந்ததை 2020-ல் 50 ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு தடவை. தினச் சராசரி ரூ.600 என்றால் நாளுக்கு ரூ.300, 90 நாளுக்கு ரூ.27,000. காலக்கெடு வைத்து நீட்டித்துக்கொண்டே வரும் திட்டம் என்பதால், போடும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

மறுப்புக்குப் பெரிய காரணம் நாள் கணக்கு. குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது, அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஆகஸ்டில் வேலை போனவர் பார்க்க வேண்டியது அக்டோபர்–மார்ச்சை. ஆகஸ்ட் வரை ஒழுங்காகப் போனேனே என்று வாதாடிப் பயனில்லை. அந்தக் குளிர்காலத்தில் சம்பளமில்லா விடுப்பில் கிடந்திருந்தால் அங்கேதான் ஓட்டை.

இரண்டாவது காரணம், போன விதம். ஒழுங்கு நடவடிக்கை, ஓய்வு வயது, விருப்ப ஓய்வு என்றால் கிடையாது. மூன்றாவது அவசரம்: வேலை போய் 30 நாள் கழித்துத்தான் கேட்க முடியும். பிரமாணப் பத்திரம் வேண்டும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும், அதை 2020-லேயே எடுத்துவிட்டார்கள். முத்திரைத்தாளுக்குச் செலவழிக்காதீர்கள்.

ஆலை மூடப்பட்டோ, ஆள்குறைப்பிலோ வேலை போனவர்கள் ஈ.எஸ்.ஐ.யின் இன்னொரு திட்டமான ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவையும் சேர்த்துக் கேளுங்கள். 2005 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. சராசரி தினக்கூலியில் முதல் 12 மாதம் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். இது இருப்பது கிளை அலுவலக வரிசையில் நிற்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு 5 வருடம் காத்திருப்பவர்களுக்கு. போன மாதம் வேலை போனவருக்கு அந்தக் கதவு திறக்காது.

அறிகுறி: ‘அண்டர் ப்ராசஸ்’ என்றே நிற்கிறது

பி.எஃப். க்ளெய்ம் எல்லா விதத்திலும் சரியாக இருந்தால் 20 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. தகுந்த காரணமின்றித் தாமதித்தால் அதிகாரியின் சம்பளத்திலிருந்தே 12 சதவீத வட்டியைப் பிடிக்க இடம் இருக்கிறது. 20 நாள் வரை பொறுங்கள். தினமும் நான்கு தடவை திறந்து பார்ப்பதால் நகராது. ‘நான் முடித்துத் தருகிறேன், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்’ என்று வருபவர்களிடம் கணக்கைக் கொடுக்காதீர்கள். இந்த வேலைக்குக் கட்டணமே கிடையாது.

21-ஆம் நாள் பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளமான ஈபிஎஃப்ஐஜிஎம்எஸ்ஸில் புகார் போடுங்கள். குடும்பக் கஷ்டம் எல்லாம் எழுதினால் படிப்பவர் கண் அதில்தான் அலையும், கேள்வி நழுவிவிடும். நான் என் கூட்டாளிகளுக்கு எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்:

“படிவம் 19, இந்தத் தேதியில் ஆன்லைனில் விண்ணப்பித்தேன். க்ளெய்ம் எண் இது. 20 நாள் கடந்துவிட்டது. ஆதார், பான், வங்கி மூன்றும் சரிபார்க்கப்பட்டுள்ளன, வெளியேறிய தேதி பதிவாகியுள்ளது. தாமதத்துக்குக் காரணம் என்ன, எந்தத் தேதிக்குள் தொகை அனுப்பப்படும் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.”